சிரட்டைக்கரியும் ஐதரசனும்: நுண்டுளைகளின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் ஓரம், கண்டல் நிற்கும் சேற்றுப் பக்கமாகக் கம்பு ஊன்றித் தோணியைத் தள்ளினால் குமிழ் குமிழாகக் காற்று மேலே வரும். சேற்றுக்குள் மக்கிப்போகும் இலைதழைகளில் இருந்து பிறக்கின்ற மெதேன் வாயு அது. 1776இல் அலெசாந்த்ரோ வோல்ட்டா இத்தாலியின் மஜோரே ஏரிச் சதுப்பைக் கோலால் கிளறி, இதே குமிழ்களைப் போத்தலில் பிடித்து எரித்துக் காட்டினார். அதற்குப் பத்து ஆண்டு முந்தி, 1766இல், ஹென்றி கவெண்டிஷ் உலோகத்தின் மேல் அமிலத்தை ஊற்றி இன்னொரு எரிவாயுவைப் பிரித்திருந்தார். அதுதான் ஐதரசன்.

பிடிப்பதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. வைத்திருப்பதுதான் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தீராத வழக்காக நீடிக்கிறது. ஒரு கிலோ ஐதரசனில் ஒரு கிலோ பெற்றோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி உண்டு. எரித்தால் மிஞ்சுவது நீர். ஆனால் சாதாரண அமுக்கத்தில் அந்த ஒரு கிலோவுக்குப் பதினொரு கன மீற்றருக்கு மேல் இடம் வேண்டும். ஒரு சிறிய அறை நிறைந்துவிடும். திரவமாக்குவதென்றால் மறை 253 பாகை செல்சியஸ்வரை குளிர்விக்க வேண்டும். 2014இல் சந்தைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில்கூட, வளிமண்டலத்தைப் போல 700 மடங்கு அமுக்கத்தில் தாங்கிக்குள் ஐதரசனைத் திணித்துத்தான் வைத்தார்கள்.

திணிக்காமல் ஒரு திண்மப் பொருளுக்குள் குடியமர்த்தலாம் என்று முதலில் காட்டியவர் தோமஸ் கிரகாம். இலண்டன் நாணயச் சாலைக்குத் தலைவராக இருந்த இரசாயனவியலாளர். பலேடியம் என்ற உலோகம் தன் கனவளவைப் போலப் பல நூறு மடங்கு ஐதரசனை உறிஞ்சுவதை 1866இல் அவர் கண்டார். கேட்க அதிசயம்தான், நிறுத்துப் பார்த்தால் அந்த ஐதரசன் உலோகத்தின் எடையில் ஒரு சதவீதமும் தேறாது. பலேடியத்தின் விலையையோ பேசவே வேண்டாம்.

நமது ஊருக்குத் தெரிந்த பொருள் வேறொன்று. சிரட்டைக்கரி. துணி மினுக்கும் பெட்டிக்குள் போட்டு நாங்கள் ஊதிய அதே கரி. சிரட்டையைக் காற்றுப்படாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு கொதிக்கும் நீராவியால் பதப்படுத்தினால் அதன் உள்ளே கணக்கில்லாத நுண்டுளைகள் திறந்துகொள்கின்றன. அந்தத் துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் ஒரு கிறாம் கரியின் மேற்பரப்பு ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு வரும். வாயு மூலக்கூறுகள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்வதைத்தான் நமது பாடநூல்கள் புறத்துறிஞ்சல் என்றன. முதலாம் உலக யுத்தத்தில் நச்சுவாயுவுக்கு எதிரான முகமூடிகளுக்குள் போனது இந்த வகைக் கரி. இலங்கையில் 1973இல் ஹேகார்ப் நிறுவனம் இதையே ஏற்றுமதித் தொழிலாக்கியது.

கரிக்கு ஒரு குறை உண்டு. அதன் துளைகள் ஒழுங்கில்லாதவை. எந்த அளவில் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது. அப்படிக் கேட்டு வாங்கலாம் என்ற எண்ணம் மெல்பேர்ணில் றிச்சர்ட் றொப்சனுக்கு வந்தது, மாணவர்களுக்காக மரப்பந்துகளில் துளையிட்டு மூலக்கூறு மாதிரிகள் செய்தபோது. 1989இல் செப்பு அயன்களையும் நான்கு கைகள் கொண்ட சேதன மூலக்கூறையும் கோத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த ஒரு பளிங்கை அவர் வளர்த்தார். அது இலகுவில் இடிந்து விழுந்தது. 1997இல் ஜப்பானின் சுசுமு கிற்றகாவா, உள்ளிருந்த நீரை அகற்றிய பின்பும் நிற்கும் கட்டமைப்புக்குள் மெதேனையும் நைதரசனையும் ஒட்சிசனையும் நுழைத்து எடுத்துக் காட்டினார். வோல்ட்டாவின் சேற்றுக் குமிழுக்கு வீடு கிடைத்தது என்று சொல்லலாம்.

மூன்றாமவர் ஓமர் யாகி. 1948இல் பலஸ்தீனத்தில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பம். பிறந்தது 1965இல், அம்மானில். ஒரே அறையில் பல பிள்ளைகள். மின்சாரம் இல்லை, குழாய் நீர் இல்லை. அந்த இடத்தைக் குடும்பம் வளர்த்த மாடுகளோடும் பங்கிட்டதாக அவரே கூறியிருக்கிறார். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருதரம் சில மணிநேரம் வரும் நீரை இருக்கிற பாத்திரங்களில் எல்லாம் நிரப்பி வைக்க வேண்டும். 1990களை இந்தக் கரையில் கழித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பத்து வயதில், வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் பள்ளி நூலகத்துக்குள் அவர் ஒருநாள் களவாக நுழைந்தார். கைக்கு வந்த புத்தகத்தைத் திறந்தபோது மூலக்கூறுகளின் படங்கள். ஒன்றும் விளங்கவில்லை; ஆனால் மனதை விட்டுப் போகவும் இல்லை. (நான் படித்த பாடசாலையிலும் ஒரு புத்தக அலுமாரி இருந்தது. அதன் திறப்பு யாரிடம் இருக்கிறதென்று நான் படித்து முடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.) பதினைந்து வயதில் தகப்பன் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1990இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். 1995இல் 'உலோக-சேதனச் சட்டகம்' என்ற பொருள்படும் பெயரை இந்தப் பொருட்களுக்குச் சூட்டினார்.

1999இல் வந்த மொஃப்-5 தான் ஆய்வு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. நாகமும் ஒட்சிசனும் சேர்ந்த கொத்துகள் மூலைக்கற்கள். பிளாஸ்டிக் போத்தல் செய்ய உதவும் தெரெப்தாலிக் அமிலமே அவற்றை இணைக்கும் சலாகை. 300 பாகைவரை சூடாக்கியும் இடியவில்லை. மேற்பரப்பில் சிரட்டைக்கரியை எங்கோ பின்தள்ளிவிட்டது.

ஐதரசன் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. 1997, 1998இல் காபன் நுண்குழாய்களும் நார்களும் ஏராளமாக ஐதரசனை ஏற்கும் என்று அறிக்கைகள் வந்தன. ஒரு குழு எடையில் பாதிக்கும் மேல் என்றது. மற்ற ஆய்வுகூடங்கள் செய்து பார்த்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. அந்த நேரத்தில், 2003இல், யாகியின் குழு மறை 195 பாகையில் மொஃப்-5 எடையில் 4.5 சதவீதம் ஐதரசன் ஏற்பதாக எழுதியது. அடுத்த ஆண்டே அதே குழு, வளிமண்டல அமுக்கத்தில் அது 1.3 சதவீதமளவே என்று திரும்பவும் எழுதியது. 2007இல் ஜெஃப்ரி லோங்கின் குழுவோடு சேர்ந்து செய்த ஆய்வில், காற்றும் ஈரமும் படாமல் தயாரித்து, அமுக்கத்தை 40 மடங்கு கூட்டினால் 7.1 சதவீதம் கிடைக்கும் என்று தெளிவாகியது. அளவு ஏறி இறங்கி ஏறியதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. எனக்கென்றால் இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க இடம் அதுதான். சொந்தக் கணக்கைத் தானே மறுபடி நிறுத்துப் பார்ப்பவர் எந்தத் துறையிலும் அதிகமில்லை.

பிரச்சினை இன்னும் முடியவில்லை. ஐதரசன் மூலக்கூறு சுவரில் மிகப் பலவீனமாகவே ஒட்டுகிறது. கடுங்குளிரில் தங்கும், அறை வெப்பநிலைக்கு வந்ததும் பெரும்பகுதி எழும்பிப் போய்விடும். 2020இல் ஓமர் ஃபாராவின் குழு கட்டிய சட்டகமொன்றின் ஒரு கிறாமை விரித்தால் 7,310 சதுர மீற்றர், ஒரு கால்பந்து மைதானம். அதற்கும் குளிரும் அமுக்கமும் வேண்டியிருந்தன.

ஐதரசனில் இழுபறிப்படும் இதே சட்டகங்கள் நீரில் வேகமாக முன்னேறின. இரவுக் காற்றின் ஈரத்தைத் துளைக்குள் வாங்கிப் பகல் வெயிலில் நீராகத் தரும் கருவியை யாகி குழுவினர் 2017இல் அறிவித்தனர். 2019இல் மொஜாவே பாலைவனத்தில் ஒரு கிலோ பொருளில் இருந்து ஒரு நாளைக்கு 0.7 லீற்றர் நீர் எடுத்தார்கள். 2025 ஒக்டோபர் 8ஆம் திகதி மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, யாகி பயணத்தின் நடுவே ஃபிராங்க்ஃபேர்ட் விமான நிலையத்தில் நின்றார்.

0.7 லீற்றர் என்பது ஒரு போத்தல் தண்ணீர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணல் நிலத்தில் கிணறுகள் உப்புக் கரித்துப்போய், பவுசர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு குடங்களை வரிசையாக வைத்திருந்த வீடுகளில் அந்த ஒரு போத்தலை யார் யாருக்குப் பங்கிடுவதென்று பேசியிருக்கிறோம். தலைக்கு மேலே காற்று முழுக்க ஈரமாகத்தான் இருந்தது.