தோற்றவர்களின் கொடி

சென்ற தவணையில் விளையாட்டுப் பயிற்சிக்கு வந்த பத்தாம் வகுப்பு மாணவனொருவனின் பழைய ரீ சேட்டில் ஒரு கொடி இருந்தது. சிவப்பு நிலம். அதன் குறுக்கே வெள்ளை ஓரமிட்ட நீல நிறப் பெருக்கல் குறி. அதற்குள் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரங்கள். பாவித்த வெளிநாட்டு உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும் கடையொன்றில் அவனுடைய தகப்பன் வாங்கியது. "இது எந்த நாட்டுக் கொடி சேர்?" என்று கேட்டான். அப்படியொரு நாடு இப்போது இல்லை, இருந்த நான்கு வருடத்திலும் வேறெந்த நாடும் அதை முறைப்படி அங்கீகரிக்கவில்லை, யுத்தத்தில் தோற்ற ஒரு படையின் கொடி இது என்றேன். "அப்ப தோத்தவங்கட கொடிய ஏன் சேர் இன்னும் வெச்சிருக்காங்க?" என்றான். மணி அடித்துவிட்டது. மைதானத்தில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அல்ல அது.

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கொலம்பியா நகரிலுள்ள சட்டசபை மாளிகையில், இந்தக் கொடி ஐம்பத்து நான்கு ஆண்டுகள் பறந்தது. யுத்தம் நடந்த 1861 தொடக்கம் 1865 வரையான காலத்தைத்தான் வாசகர்கள் நினைப்பார்கள். அது தவறு. கொடி அங்கு ஏற்றப்பட்டது 1961ஆம் ஆண்டு. இந்த நூறு வருட இடைவெளிக்குள்தான் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் யுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860 டிசம்பர் 20இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதன்முதலாகப் பிரிந்த மாநிலம் தென் கரோலினா. ஏன் பிரிகிறோம் என்பதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அடிமை முறைக்கு வட மாநிலங்கள் பகையாக இருக்கின்றன என்பதே அந்த ஆவணத்தின் சாரம். அவ்வாண்டுக் குடிசனக் கணக்கின்படி மாநிலத்தின் மக்கள் 7,03,708 பேர். அவர்களில் 4,02,406 பேர் அடிமைகள். அதாவது நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் மற்றவரின் சொத்து. 1861 ஏப்ரல் 12இல் சார்ள்ஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்ரர் கோட்டை மீது பீரங்கி வெடித்து யுத்தம் தொடங்கியது. பிரிந்த மாநிலங்களின் கூட்டமைப்புக்கு முதலில் அமைந்த கொடி, எதிரியான ஒன்றியத்தின் கொடியைப் போலவே இருந்தது. மனாசாஸ் சமரில் புகைக்குள் எது தங்கள் படை, எது எதிரிப்படை என்று தெரியாமல் தடுமாறினார்கள். அதன் பிறகு, தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் என்பவர் வரைந்து, நாட்டுக் கொடியாக ஏற்கப்படாமல் தள்ளப்பட்டிருந்த இந்தப் பெருக்கல் குறிக் கொடியை வேர்ஜினியாப் படை தன் போர்க்கொடியாக எடுத்துக்கொண்டது. ஆக இது களத்துக் கொடி. கொலம்பியாவின் சட்டசபை மாளிகையோ அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. 1865 பெப்ரவரியில் ஷேர்மனின் படை சுட்ட குண்டுகள் பட்ட இடங்களில் இன்றும் ஆறு வெண்கல நட்சத்திரங்கள் பதிக்கப்பட்டுள்ளன.

யுத்தம் முடிந்தபின் அந்தக் கொடி முன்னாள் படைவீரர்களின் ஒன்றுகூடல்களிலும் நினைவு நாட்களிலும் தலைகாட்டியது. அது அரசியல் கூட்டங்களுக்குப் பெருமளவில் வந்தது 1948இல். கறுப்பினத்தவரின் சிவில் உரிமைக்கு ஆதரவாக ஜனாதிபதி ட்ரூமன் பேசத் தொடங்கியதும், தென் கரோலினாவின் ஆளுநர் ஸ்ட்ரொம் தேர்மண்ட் தனிக்கட்சி அமைத்து ஜனாதிபதித் தேர்தலில் குதித்தார். அவருடைய கூட்டங்களில் இக்கொடி அசைந்தது. நான்கு மாநிலங்களில் வென்றார்.

இனி நான் சற்று நின்று சொல்ல விரும்பும் இடம். பள்ளிக்கூடக் கதை என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை. தென் கரோலினாவின் கிளாரெண்டன் மாவட்டத்தில் வெள்ளையரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை பஸ் இருந்தது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு இல்லை. மைல் கணக்கில் நடந்தார்கள். (பஸ் வராத ஊரில் படிப்பிப்பவனுக்கு, முதல் பாடத்தில் வந்து அமரும் பிள்ளையின் கால்களைப் பார்த்தே தூரம் தெரியும்.) ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியார், பாடசாலை அதிபராகவும் இருந்தவர், பெற்றோரைத் திரட்டினார். கேட்டது ஒரு பஸ். அதுவும் மறுக்கப்பட்டது. பஸ்ஸில் தொடங்கிய கோரிக்கை சமமான பாடசாலை என்று வளர்ந்து, பிரிக்ஸ் எதிர் எலியட் என்ற வழக்காயிற்று. மனுவின் முதற்பெயரான ஹரி பிரிக்ஸ் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர். வேலை போயிற்று. விடுதியொன்றில் துப்புரவு வேலை செய்த அவருடைய மனைவிக்கும் போயிற்று. டிலெய்ன் பதவி இழந்தார், 1951இல் அவருடைய வீடு எரிந்தது, 1955இல் மாநிலத்தை விட்டே ஓட நேர்ந்தது. ஆனால் அந்த வழக்கு, உயர் நீதிமன்றம் ஒன்றாக எடுத்து விசாரித்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது. பாடசாலைகளில் இனப் பிரிப்பு செல்லாது என்ற 1954 மே 17ஆம் திகதித் தீர்ப்பு அவற்றிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் தென்புறமெங்கும் அந்தத் தீர்ப்புக்கு எதிராக வெள்ளையர் கிளம்பியபோது அவர்கள் கையில் இருந்த கொடிகளில் இதுவும் ஒன்று.

இப்போது 1961க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 2ஆம் திகதி, கொலம்பியாவின் ஸயன் பப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து கறுப்பின மாணவர்கள் சுமார் பதினைந்து பேர் கொண்ட சிறு சிறு குழுக்களாகப் புறப்பட்டுச் சட்டசபை முன்றலுக்கு நடந்தார்கள். இனப் பிரிப்புச் சட்டங்கள் வேண்டாம் என்பதே கோரிக்கை. கல்லெறியவில்லை, வழியை மறிக்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் கலைந்து போகுமாறு பொலிஸார் கூறினர். மாணவர்கள் கலையாமல் நின்று பாடினார்கள். பாடியவற்றில் அமெரிக்காவின் தேசிய கீதமும் இருந்தது. 187 பேர் கைது செய்யப்பட்டு, அமைதியைக் குலைத்தனர் என்று தண்டிக்கப்பட்டனர். 1963 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தண்டனைகளை நீக்கியது. பெரும்பான்மையினர் விரும்பாத கருத்தை அமைதியாகச் சொல்வதை ஒரு மாநிலம் குற்றமாக்க முடியாது என்றது. எட்வர்ட்ஸ் எதிர் தென் கரோலினா என்ற பெயரில் சட்டம் படிப்போர் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அந்த மாணவர்கள் கைதாகி ஆறு வாரங்கள் ஆகவில்லை. ஏப்ரல் 11ஆம் திகதி, யுத்தத்தின் நூற்றாண்டு நினைவு என்று சொல்லி, அதே மாளிகையில் போர்க்கொடி ஏறியது. கேட்டவர் ஜோன் மே என்ற சட்டசபை உறுப்பினர். அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் குவிமாடத்தில் கொடியைப் பறக்கவிடும் தீர்மானத்தைச் சட்டசபை நிறைவேற்றியது. எப்போது இறக்குவது என்று அத்தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை. நூற்றாண்டு நினைவு 1965இல் முடிந்தது. கொடி நின்றது.

கொடியை ஆதரித்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு பேசினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டனின் பாட்டன் அந்த யுத்தத்தில் மாண்டிருக்கிறான், அவனை நினைக்கிறோம், இது மரபு, வெறுப்பல்ல என்றார்கள். மாண்டவனை நினைப்பதை யார் தடுப்பது? அதற்கென்று அதே முன்றலில் 1879 முதல் போர்வீரர் நினைவுத்தூண் நிற்கிறது. மகனும் பேரனும் வாழ்ந்த காலத்தில் அந்த நினைவுக்குக் குவிமாடம் தேவைப்படவில்லை. வகுப்பறையில் கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் அமரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் தேவைப்பட்டது. மரபென்று சொல்லப்படும் எதையும், அது எந்த ஆண்டில் தொடங்கியது என்று கேட்டுப் பார்ப்பது சரித்திர ஆசிரியரின் தொழில்.

எதிர்ப்பு மெல்ல வளர்ந்தது. 1996இல் கொடியை இறக்கலாம் என்று கூறிய ஆளுநர் டேவிட் பீஸ்லி 1998 தேர்தலில் தோற்றார். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கம் 2000 ஜனவரி 1 முதல் மாநிலத்தைப் பகிஷ்கரிக்குமாறு அழைத்தது. உல்லாசப் பயணம் போகாதே, மாநாடு கூட்டாதே என்பதாகும். அம்மாதம் 8ஆம் திகதி கொடியின் ஆதரவாளர்கள் சுமார் ஆறாயிரம் பேர் முன்றலில் கூடினர். 17ஆம் திகதி, மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளன்று, கொடியை இறக்கு என்று கூடியவர்கள் நாற்பத்தையாயிரத்துக்கும் மேல். தென் கரோலினாவின் சரித்திரத்தில் அதுபோன்ற ஆர்ப்பாட்டங்கள் மிகச் சிலவே. ஏப்ரலில் சார்ள்ஸ்டன் மேயர் ஜோசப் ரைலி, வெள்ளையர், தன் நகரிலிருந்து கொலம்பியா வரை சுமார் 120 மைல் தூரத்தை ஐந்து நாட்களாக நடந்தே கடந்தார்.

மே மாதம் ஓர் இணக்கம் கண்டார்கள். இந்த இணக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். குவிமாடத்திலிருந்து கொடி இறங்கும், மண்டபங்களுக்குள்ளிருந்தும் அகலும். ஆனால் அதே வகைக் கொடியொன்று முன்றலிலுள்ள போர்வீரர் தூணருகே முப்பது அடிக் கம்பத்தில் ஏறும். அத்துடன் இந்தக் கொடியையோ, அரச காணியிலுள்ள யுத்த நினைவுச் சின்னங்களையோ அசைப்பதானால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும். 2000 ஜூலை 1ஆம் திகதி இராணுவக் கல்லூரி மாணவர் இருவர், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், குவிமாடத்துக் கொடியை இறக்கினர். முன்னர் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும் கொடி, இப்போது ஜெர்வே வீதியில் போகிறவன் முகத்துக்கு நேரே நின்றது. கறுப்பினப் பிரதிநிதிகளில் பலர் இந்த இணக்கத்தை எதிர்த்தே வாக்களித்திருந்தனர். பகிஷ்கரிப்பும் நிறுத்தப்படவில்லை, இன்னும் பதினைந்து வருடம் நீடித்தது. இரு தரப்புக்கும் பாதி பாதி என்று பஞ்சாயம் சொல்வது இலகு. பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைச் சட்டப் பூட்டால் பூட்டியதைப் பலர் கவனிக்கவில்லை.

2015 ஜூன் 17ஆம் திகதி இரவு, சார்ள்ஸ்டனிலுள்ள இமானுவேல் என்ற பழம்பெரும் கறுப்பின மெதடிஸ்த தேவாலயத்தில் வேத வகுப்புக்கு வந்தவர்களிடையே ஒரு வெள்ளை இளைஞன் அமர்ந்தான். அவனை வரவேற்று இடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். மாண்டவர்களில் தேவாலயத்தின் போதகரும் மாநில செனட்டருமான கிளமென்ரா பிங்க்னியும் ஒருவர். கொலையாளி இதே கொடியைப் பிடித்து நின்ற படங்கள் பின்னர் வெளிவந்தன.

குவிமாடத்தில் தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் துக்கத்துக்காக அரைக் கம்பத்துக்கு இறங்கின. தூணருகே நின்ற போர்க்கொடி இறங்கவில்லை. 2000ஆம் ஆண்டுப் பூட்டு அதுதான். ஆளுநர் நினைத்தாலும் சட்டசபையைக் கேளாமல் தொடமுடியாது. ஜூன் 24இல் பிங்க்னியின் பூதவுடல் குதிரை வண்டியில், அந்தக் கொடி பறந்த முன்றலுக்கே வந்தது. மாளிகைக்குள் அஞ்சலிக்கு வைத்தபோது, கொடி தெரியாதபடி யன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார்கள்.

ஜூன் 27 அதிகாலை பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் இடுப்பில் பட்டி கட்டிக் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். கீழே காவலாக நின்றவர் வெள்ளையரான ஜேம்ஸ் ரைசன். வேத வசனம் சொல்லிக்கொண்டே இறங்கினார். இருவரும் கைதாகினர். ஒரு மணி நேரம் ஆவதற்குள் கொடி மீண்டும் ஏற்றப்பட்டது. சட்டத்தை மீறியது சரியா என்று மாணவர்கள் கேட்டால், 1961இல் முன்றலில் நின்று பாடியவர்களும் அன்றைய கணக்கில் குற்றவாளிகளே என்பதைச் சொல்வேன்.

பிறகு விரைவாக நடந்தது. செனட் சபையில் கொடியை இறக்கவேண்டும் என்று எழுந்து பேசியவர்களில் ஸ்ட்ரொம் தேர்மண்டின் மகன் போல் தேர்மண்டும் ஒருவர். கீழ்ச்சபை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக விவாதித்து, ஜூலை 9 அதிகாலை 94க்கு 20 என்று நிறைவேற்றியது. ஆளுநர் நிக்கி ஹேலி ஒன்பது பேனைகளால் ஒப்பமிட்டு, அவற்றை ஒன்பது குடும்பங்களுக்கும் கொடுத்தார். 10ஆம் திகதி காலை, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, சில நிமிடங்களில் கொடி இறங்கியது. அதை அருகிலுள்ள நூதனசாலைக்கு அனுப்பினார்கள். கம்பத்தையும் அன்றே பிடுங்கிவிட்டார்கள்.

மூன்றில் இரண்டு என்ற பூட்டு மட்டும் சட்டப் புத்தகத்தில் எஞ்சியிருந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், கொடிக்கு எதிராக நெடுங்காலம் பேசிவந்த முன்னாள் செனட்டர் கே பேட்டர்சன். மற்றொருவர், அன்றிரவு அதே தேவாலயத்திலிருந்து உயிர் தப்பிய பிங்க்னியின் மனைவி. 2021 செப்டெம்பரில் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைய சட்டசபை ஒரு சாதாரண சட்டத்தால் நாளைய சட்டசபையின் கையைக் கட்ட முடியாது என்று கூறி, அந்த மூன்றில் இரண்டை நீக்கியது. சட்டத்தின் மீதிப் பகுதியை விட்டுவைத்தது.