பூனைகளுக்கு எழுதி வைத்த தோட்டம்

தமக்குப் பின் தம் பூனைக்கு யார் சோறிடுவார் என்னும் கவலையைப் பணத்தால் மட்டும் தீர்த்துவிட இயலாது. கெய்ரோ நகரின் பழைய அறக்கொடை ஒன்றின் வரலாறு இதை உணர்த்துகிறது.

1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், நகரின் வடக்கே தாம் எழுப்பிய பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த தோட்டம் ஒன்றைப் பூனைகளின் பராமரிப்புக்கென எழுதி வைத்தார். அவை அவர் வளர்த்த பூனைகள் அல்ல. நகரத்தின் ஆதரவற்ற பூனைகள். 'பூனைத் தோட்டம்' என்றே அவ்விடம் வழங்கலாயிற்று.

ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் கழித்துக் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் வில்லியம் லேன், 1836இல் வெளியான தம் நூலில் அக்கொடையின் பிற்கால நிலையைப் பதிவு செய்துள்ளார். சீர்கெட்ட தோட்டம், திருத்தப் பெருஞ்செலவாகும் என்று காரணம் காட்டிப் பொறுப்பாளர்கள் அதை விற்றனர். பின்னர் அது பலமுறை கைமாறியது. இறுதியில் பூனைகளுக்கென எஞ்சியது ஆண்டுக்கு 15 பியாஸ்டர் நிலவாடகை மட்டுமே. ஆயினும் பிற்பகல் தொழுகை வேளையில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகள் திரண்டன; கூடைகளில் இறைச்சி வந்தது. அறக்கொடைகள் அனைத்துக்கும் காவலர் என்ற முறையில் அச்செலவு காஜியின் தலைமேல் விழுந்திருந்தது. வளர்த்த பூனையைக் கைவிட விரும்பியோரும் அதை அம்முற்றத்திலேயே கொண்டுவந்து விட்டனர். காலப்போக்கில் உணவளிப்பும் குறைந்துபோனது என்கிறார் லேன்.

நிலம் போனது, கடமை தேய்ந்தும் நின்றது. பொறுப்பு ஒரு பதவியோடு பிணைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம்.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம் வக்ஃபையும் பிற சமய, தரும அறக்கொடைகளையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. தனியார் அறக்கட்டளையிலோ, சொத்தை உடைமையாகக் கொள்ளும் தகுதி உடையவரே பயனாளி ஆகலாம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. பூனைக்கு அத்தகுதி இல்லை. சட்டத்தின் பார்வையில் பூனையே ஓர் உடைமை. எனவே உயில் எழுதுவோர் பூனையை இசைவுள்ள ஒருவரிடம் ஒப்படைத்து, பராமரிப்புத் தொகையையும் அவர் பெயருக்கே எழுத வேண்டியுள்ளது. அவர் தவறினால் பூனை வழக்குத் தொடுக்காது. ஆகவே அடுத்து ஏற்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்பனவும் உயிலிலேயே இடம்பெறுதல் வேண்டும். பைபர்ஸின் தோட்டத்தை விற்றவர்களும் அதன் பொறுப்பாளர்களே.