இரண்டு சூரியோதயங்கள்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்துக்கும் இலங்கையின் தென்கோடிக்கும் தூரம் சுமார் 3,500 மைல். பூகோள உருண்டையும் ஒரு முழ நூலும் கையிலிருந்தால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட அளந்து சொல்லிவிடுவான். எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் தகராறு. ஜெட் விமானத்துக்கு ஏழு மணி சொச்சம் போதும். 1943-ல் அதே தூரத்துக்கு 28 மணி பிடித்தது. எதிர்காற்று அடித்த ஒரு தடவை 32 மணி 9 நிமிஷம்!

யுத்தம் செய்த வேலை அது. லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய விமானத் தபால் சிங்கப்பூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அடுத்த மாதம் ஜாவாவும் போயிற்று. பாதை அறுந்தது. மிஞ்சியது இந்து மகா சமுத்திரம்தான்.

அதைத் தாண்டக் குவாண்டாஸ் கம்பெனிக்கு ஐந்து காட்டலினாக்கள் கிடைத்தன. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானங்கள். பெர்த்தில் சுவான் ஆற்றில் கிளம்பினால் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில்தான் இறங்கவேண்டும். நடுவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ளும் பேச்சே இல்லை. ஆகவே சுமார் 2,000 காலன் பெட்ரோலை முதலிலேயே நிரப்பிக்கொண்டார்கள். பாரத்தைக் குறைக்க, குளிருக்கும் இரைச்சலுக்கும் தடுப்பாக இருந்த உள்பூச்சைக்கூடப் பிய்த்து எறிந்தார்கள். அவ்வளவு செய்தும் ஏற்ற முடிந்தது மூன்று பிரயாணிகளும் 150 ராத்தல் தபாலும்!

இந்தக் கணக்கை எந்தச் செட்டியாரிடம் காட்டினாலும் கடையைக் கட்டச் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடிய கதவில் ஒரு சாவித்துவாரம் இருந்தாலும் உள்ளே இருப்பவனுக்கு அது பெரிய விஷயம்தான்.

மணிக்கு 125 மைல் வேகத்தில் ஊர்ந்த, துப்பாக்கி இல்லாத விமானம், ஜப்பானிய விமானங்கள் நடமாடும் பகுதியை இருட்டில் கடந்தாக வேண்டும். அதற்கேற்றபடி கிளம்பும் நேரத்தை வைத்தார்கள். ரேடியோவில் வாய் திறக்கக்கூடாது. வழி சொல்ல நட்சத்திரங்கள்தான். விமானங்களுக்கும் அவற்றின் பெயரையே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கத்தில் தேடினால் அன்டாரிஸ் என்பது கேட்டை, ஸ்பைகா சித்திரை, ஆல்டேர் திருவோணம். கேட்டையில் பிரயாணம் கூடாதென்று சொல்லும் பாட்டிமார் யாரும் பெர்த்தில் இல்லை போலும்!

ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு தரம் உதித்தான். அப்படிப் பறந்தவர்களுக்கு, ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கத்தின்’ அங்கத்தினர் என்று வேடிக்கையாக ஒரு பத்திரம் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானமும் விழவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. 2018-ல் இதே கம்பெனி பெர்த்திலிருந்து எங்கும் நிற்காமல் லண்டனுக்கே 17 மணி நேரத்தில் போகத் தொடங்கியது. அதைப் பத்திரிகைகள் கொண்டாடின, நியாயம்தான். காட்டலினாக்களை ரகசியம் காரணமாக அன்று யாரும் கொண்டாட முடியவில்லை.

அவை அமெரிக்காவிடம் இரவலாக வாங்கியவை. யுத்தம் முடிந்தபின் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அழித்துவிடவேண்டும் என்பது ஒப்பந்தம். ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போய்க் கடலில் மூழ்கடித்தார்கள்.