வளர்ச்சி இயக்குநீர்ப் பிறபொருளெதிரி

வளர்ச்சி இயக்குநீர்ப் பிறபொருளெதிரி என்பது, குருதியில் உள்ள மனித வளர்ச்சி இயக்குநீரைக் கண்டறிந்து அளவிட ஆய்வுக்கூடங்களில் பயன்படும் புரதம் ஆகும். கபச் சுரப்பியின் முன்மடலில் சுரக்கும் இவ்வியக்குநீரின் முதன்மை வடிவம் 191 அமினோ அமிலங்களால் ஆனது. இதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 22,000 டால்டன்.

செயற்படும் முறை

பொதுவாக இரு பிறபொருளெதிரிகள் பயன்படுத்தப்படுகின்றன. தட்டின் குழியில் பொருத்தப்பட்ட ஒன்று இயக்குநீரைப் பிடித்துக்கொள்ளும். நொதி இணைக்கப்பட்ட மற்றொன்று அதன் வேறொரு பகுதியில் பிணையும். பின்னர் சேர்க்கப்படும் வினைப்பொருளை நொதி நிறமுடையதாக மாற்றும். நிறத்தின் செறிவு இயக்குநீரின் அளவைக் காட்டும்.

வரலாறு

ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் இன்சுலினை அளக்க உருவாக்கிய கதிரியக்க மதிப்பீட்டு முறை, 1963 ஆம் ஆண்டில் இவ்வியக்குநீருக்கும் பயன்படுத்தப்பட்டது. யாலோவுக்கு 1977 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வரம்பும் பயனும்

குருதியில் 20,000 டால்டன் எடையுள்ள வடிவமும் சிறிதளவு உண்டு. எந்த வடிவத்துடன் பிணைகிறது என்பது பிறபொருளெதிரிக்குப் பிறபொருளெதிரி வேறுபடும். எனவே ஒரே மாதிரி இரு ஆய்வுக்கூடங்களில் வெவ்வேறு அளவுகளைத் தரலாம். எல்லை மதிப்பை ஒட்டியுள்ள குழந்தைக்கு இயக்குநீர்க் குறைபாடு உண்டா என்னும் முடிவும் இதனால் மாறக்கூடும்.

இவ்வேறுபாடே ஊக்கமருந்துச் சோதனைக்கு உதவுகிறது. மருந்தாகச் செலுத்தப்படும் இயக்குநீரில் 22,000 டால்டன் வடிவம் மட்டுமே இருப்பதால், வடிவங்களின் விகிதம் மாறும். இச்சோதனை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பயன்படுத்தப்பட்டது.