ஈரலில் விழுந்த துண்டு

இங்கே திருவனந்தபுரத்தில் செம்மறி ஆட்டைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் தண்ணீர் தேங்கும் வயலும் நத்தையும் உள்ள ஊர்களில் ஆடு மாடுகளுக்கு ஈரல் தட்டைப்புழு பயம் உண்டு.

1879-80-இல் இங்கிலாந்தில் சுமார் 30 லட்சம் செம்மறிகள் இதில் செத்தன. ஆக்ஸ்போர்டில் தாமஸும் ஜெர்மனியில் லாய்க்கார்ட்டும் தனித்தனியே தேடி, 1883-க்குள் விடை கண்டார்கள்: புழு நத்தைக்குள் வளர்ந்து, புல்லில் ஒட்டி, ஆட்டுக்குள் போகிறது. நம் சமவெளியில் புழுவும் நத்தையும் வேறு இனம், வழி ஒன்றுதான்.

செத்த ஆடு கணக்கில் வரும். தாடைக்கு அடியில் நீர் கோத்து, இளைத்து நிற்கும் ஆடு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அந்த நஷ்டத்தை வட்டியோடு சுமப்பவர் ஆட்டுக்காரர்தான்.

ஊரில் ஆடு வளர்க்கும் சொந்தங்களுக்குச் சொல்லி வையுங்கள்: தேங்கிய நீரோரம் மேய்க்க வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுக்கட்டும்.