எண்ணப்படாதோர்: சோதனைக்குழாய்க் கருத்தரிப்பின் வரலாறும் ஆயர்பணியும்

கொங்கு நாட்டார் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அண்ணன்மார் கதை, மகப்பேறின்மையின் துயரத்தை நன்கறிந்த கதை. பொன்னரும் சங்கரும் பிறக்குமுன் அவர்தம் தாய் தாமரை பிள்ளைவரம் வேண்டி நெடுந்தவம் இயற்றுகிறாள். கனடா நாட்டு மானிடவியலார் பிரெண்டா பெக் 1965-இல் கொங்குச் சிற்றூர் ஒன்றில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். தவத்தின் முடிவில் தாமரை வரம் பெறுகிறாள். அதன் பின்னரே கதை தொடர்கிறது. தவத்தைப் பாதியில் விட்டவளைப் பற்றி எவர் பாடுவார்?

இன்று ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோவை மருத்துவமனைகளுக்கு அதே ஏக்கத்துடன் செல்லும் தம்பதியர் நம் சபைகளிலும் உளர். அவர்கள் நாடும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு முறையின் வரலாற்றில், பாதியில் நின்றவர்களுக்கு என்ன இடம் உண்டு என்பதே இங்கு நாம் ஆராயும் வினா.

இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரும் 1969 முதல் 1978 வரை உழைத்தனர். அவர்களிடம் வந்த பெண்கள் 282 பேர். கருமுட்டை எடுக்கும் முயற்சி 457 முறை நடைபெற்றது. 112 முறை கரு கருப்பையில் வைக்கப்பட்டது. ஐவர் கருவுற்றனர், உயிருடன் பிறந்த குழந்தைகள் இரண்டு. அவற்றுள் முதலாவதாகிய லூயிஸ் பிரௌன் 1978 ஜூலை 25 அன்று பிறந்ததை உலகம் கொண்டாடிற்று. வெறுங்கையராய் வீடு திரும்பிய ஏனைய பெண்களை உலகம் அறியவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் கூற்றை அக்கால ஆய்வுக்குழு ஏற்க மறுத்தது. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவும் ஆனந்த் குமாரும் கண்ட வெற்றியே நாட்டின் முதல் வெற்றி எனப்பட்டது. பின்னர் முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்த ஆனந்த் குமார், முதன்மை அவருக்கே உரியது என 1997-இல் அறிவித்தார். 1990-இல் சென்னையில் கமலா செல்வராஜ் இம்முறையில் வெற்றி கண்டார்.

முறை பரவியபின் புதியதொரு வினா எழுந்தது. ஊசிமருந்து, கருமுட்டை எடுத்தல், கருவை வைத்தல், பின் ஏறக்குறைய இரண்டு வாரக் காத்திருப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தது ஒரு சுற்று. பல சுற்றுகள் சென்றால் எத்தனை பேர் பிள்ளை பெறுவர்? அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவ நிலையம் ஒன்றில் 6,164 பெண்களின் 14,248 சுற்றுகளை ஆராய்ந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஆறு சுற்றுகளுக்குப் பின் பிள்ளை பெறுவோர் நூற்றுக்கு 72 என்றது ஒரு கணக்கு. 51 என்றது மற்றொன்று. பெண்கள் அவர்களே, ஆண்டுகளும் அவையே. இடையில் நின்றவர்களை எவ்வாறு எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு. நின்றவர்கள் தொடர்ந்திருந்தால் மற்றவர்களைப் போலவே வெற்றி பெற்றிருப்பர் என்று கொண்டது முதற் கணக்கு. அவர்களுள் ஒருவரும் பெற்றிருக்கமாட்டார் என்று கொண்டது இரண்டாவது. வயது நாற்பதைக் கடந்தால் இவ்விரு எண்களும் 42, 23 எனத் தாழ்ந்தன.

அவர்கள் ஏன் நின்றனர்? பொருட்செலவு ஒரு காரணமே. ஆயினும் அந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் செலவை ஏற்கவேண்டுமென்று சட்டம் இருந்தது. அவ்வாறிருந்தும் பலர் நின்றனர். காப்பீடு பெற்ற பெண்களிடையே 2010-இல் வெளிவந்த ஆய்வு, சிகிச்சையின் சுமையே முதன்மைக் காரணம் என்று கண்டது. நம் நாட்டிலோ பெரும்பாலோர் கைப்பணத்தையும் கடனையுமே நம்பியுள்ளனர். இரு சுமைகளும் ஒருங்கே அழுத்துகின்றன.

இவ்விடத்தில் நம்மை நாமே சோதித்தறிதல் வேண்டும். பிரசங்க பீடத்தில் நாம் செய்வதும் அந்த முதற் கணக்கே. சாராளையும் அன்னாளையும் எலிசபெத்தையும் எடுத்துரைக்கிறோம். ஜெபித்துப் பெற்றவர்களைச் சாட்சி கூற அழைக்கிறோம். ஜெபித்தும் பெறாதவர்கள் மெல்லப் பின் இருக்கைகளுக்கு நகர்கின்றனர், பின்னர் வருவதில்லை. விசுவாசம் குன்றியதால் நின்றார்கள் என்று நாம் சொல்லாவிடினும், நம் மௌனம் அதனைச் சொல்லிவிடுகிறது. ஏசாயாவின் ஐம்பத்தாறாம் அதிகாரமோ பிள்ளையற்றோருக்கு ஆண்டவருடைய ஆலயத்திலேயே இடமும் பெயரும் வாக்களிக்கிறது. பிள்ளை பெற்றபின் வரும் வாக்குறுதியன்று அது.

ஆகவே ஆயர்கள் செய்யக்கூடியவை உள. மருத்துவமனை ஒன்று வெற்றி விகிதம் கூறுமாயின், அது எத்தனை பேரில், எவ்வயதினரில், கருவுற்றதா அல்லது உயிருடன் பிறந்ததா என்று கேட்கும்படி தம்பதியருக்குத் துணைநிற்கலாம். ஒரு சுற்று தோற்றால் எல்லாம் முடிந்துவிடவில்லை எனலாம். போதும் என்று அவர்கள் முடிவு செய்யின், அம்முடிவையும் தேவசமுகத்தில் வைத்து அவர்களோடு ஜெபிக்கலாம். வெற்றியைப் பதிவுசெய்ய ஏடுகள் பல உள. நின்றவர்களின் பெயரை மறவாதிருப்பது திருச்சபையின் பணி.