இரண்டு கம்பெனிப் பையன்கள்

விடியற்காலையில் தண்டலம் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். 18 வயதுப் பிள்ளைகள் கூட்டமாகக் காத்திருப்பார்கள். கேட்டால், "கம்பெனிக்குப் போகிறோம்" என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்பும் தமிழ்நாட்டுப் பையன்கள் 'கம்பெனி'க்குப் போனார்கள். ஆனால் அது நாடகக் கம்பெனி.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அப்படி இருவர். 1916-இல் பிறந்த பி. யு. சின்னப்பா ராஜபார்ட், 1917-இல் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரனுக்குச் சில்லறை வேஷங்கள். அங்கே எல்லாப் பையன்களும் அஞ்சியது மகரக்கட்டுக்குத்தான். மீசை அரும்பும் வயதில் குரல் உடைந்தால், நேற்றைய ராஜா இன்று கூட்டத்தில் ஒருவன். சின்னப்பாவுக்கும் அது வந்தது. கம்பெனியை விட்டார், சிலம்பம் பழகினார், குரல் திரும்பியது.

1936-இல் இருவருமே சினிமாவுக்கு வந்தார்கள். 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் சின்னப்பா இரட்டை வேஷத்தில் ஜொலித்தார். எம்.ஜி.ஆரோ, 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக 1947 வரை, 11 வருஷம் காத்திருந்தார். 1949-இல்கூடச் சின்னப்பாவின் 'ரத்னகுமார்' படத்தில் அவருக்குச் சிறு வேஷந்தான்.

1951-இல் சின்னப்பா காலமானார், வயது 35. எம்.ஜி.ஆர். 1977-இல் முதன் மந்திரியானார்.

ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்குப் புகழ் முந்திக்கொண்டது. மற்றவருக்கு ஆயுள் கை கொடுத்தது.

தண்டலத்தில் பஸ்ஸைத் தவறவிட்ட பையன் ஒருவன் முகம் வாடி நிற்கிறான். 17, 18 வயதில் யாருடைய கணக்கையும் முடித்து எழுதிவிடக் கூடாது, தம்பி!